செல்லப் பையனின் சாவி

போன வாரம் படித்துவிட்டு எல்தியாரைத் திட்டித் தீர்த்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் அண்ணன் ஜமீருக்காக உச்சுக்கொட்டியவர்களும்தான். இந்தக் குடும்பத்தை வாராவாரம் எழுதுகிற எனக்கே, யார் பக்கம் நிற்பது என்று இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் புரியவில்லை.

விட்ட இடம் இதுதான். பிஷ்கெக்கில் ஜமீர் நடத்துகிற சின்ன மென்பொருள் கம்பெனி. அவன் இரண்டு குளிர்காலம் உயிரைக் கொடுத்து எழுதிய நிரலுக்குக் 'கணவாய்' என்று பெயர். தெற்கே ஓஷ் போகிற மலைப்பாதையில் பனி சரிந்தால், லாரிக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லும். லாரிச் சங்கத்தாருக்கு அதைப் போட்டுக் காட்ட நாள் குறித்திருந்த சமயத்தில், கம்பெனியின் நிரல்களெல்லாம் இருக்கும் இணையக் கிடங்கிலிருந்து 'கணவாய்' மட்டும் துடைத்துவிட்ட மாதிரிக் காணாமல் போனது. அங்கே அழிந்தால் அழிந்ததுதான். அழித்தது யார் என்று கேட்டதற்குக் கிடங்கு கூசாமல் சொன்ன பெயர், எல்தியார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை சரியில்லை. எல்லை தாண்டி அல்மாட்டியில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று எல்தியார் சொன்ன நாளிலிருந்தே ஜமீர் முகம் கொடுத்துப் பேசவில்லை. போதாததற்கு, அழிந்த நேரம் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். ஆபீஸே பள்ளிவாசலில் இருந்தது. போகாதவன் எல்தியார் ஒருவன்தான். அவன் என்றைக்குமே போகாதவன்.

"நான் செய்யல" என்று ஒருதரம் சொன்னான். யாரும் நம்பவில்லை. பெற்ற தாய் சாய்ரா அபாவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனும் இரண்டாம் தரம் சொல்லவில்லை. அந்த வீம்பு அவனுக்கு அப்பா வழியில் வந்தது.

இனி இந்த வெள்ளிக்கிழமை.

காலையிலிருந்து பெர்மெத் அடுப்படியில் மாவுத் துண்டுகளை எண்ணெயில் போட்டு போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தாள். பெர்மெத், ஜமீரின் மனைவி. மகன் பழியோடு போனாலும் பசியோடு போகக்கூடாது என்பது மாமியார் சாய்ரா அபாவின் கட்டளை. மத்தியானச் சாப்பாடு ஆனதும் எல்தியார் அல்மாட்டி வண்டி ஏறுகிறான்.

எல்தியார் உள்ளே வந்து, சட்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒரு போர்சோக்கை எடுத்து வாயில் போட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எர்கே பாலா, நாக்கு வெந்துடப் போகுது. அல்மாட்டிக்காரங்க ஊமைய வேலைக்கு வச்சுக்க மாட்டாங்க" என்றாள் பெர்மெத்.

"பேசி மட்டும் என்னத்தக் கண்டேன் ஜெங்கே?"

ஜெங்கே என்றால் அண்ணி, பாய்கே என்றால் அண்ணன், அபா என்றால் அம்மா. எர்கே பாலா என்றால் செல்லப் பையன். மாமியார் பழைய காலத்து மனுஷி. மருமகள் புகுந்த வீட்டு ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கு ஆகாது. அதனால் கல்யாணமாகி வந்த அன்றைக்கே மச்சினனுக்கு பெர்மெத் இந்தப் பெயரை வைத்தாள். அவளைத் தவிர வேறு யாரும் அவனை அப்படிக் கூப்பிடுவதில்லை.

"நீங்க நம்பறீங்களா?" என்று கேட்டான். வாயில் இன்னும் பாதி போர்சோக் இருந்தது.

"நம்பல."

"ஏன்?"

"செஞ்சிருந்தா அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுல்ல செஞ்சிருப்ப? ஒளிஞ்சு நின்னு கல்லெறியற சாமர்த்தியம் உனக்கு ஏது?"

"இதைப் பாராட்டுன்னு எடுத்துக்கவா, திட்டுன்னு எடுத்துக்கவா?"

"ரெண்டுலயும் பாதி எடுத்துக்க."

அவன் சிரித்தான். ஒரு வாரம் கழித்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "அது போகட்டும். திங்கக்கிழமை நீங்க ஆபீஸ் போறீங்களாமே? பாய்கே அபாகிட்ட சொன்னாராம். மேஜையெல்லாம் தயாராம்."

"உங்க அண்ணன் வாயிலேர்ந்து அந்த வார்த்தைய வாங்கறதுக்குள்ள எனக்கு முடி நரைச்சுப் போச்சு."

"போனா திரும்பிப் பாக்காதீங்க. இந்த அடுப்படி உங்களுக்கு ஏத்த இடமில்ல ஜெங்கே. சத்தியமா சொல்றேன்."

பெர்மெத் சட்டியைப் பார்த்தபடி தலையாட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஜமீரைவிடக் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்த நிரலாளி. குழந்தை ஐதானா பிறந்ததும், "கொஞ்ச நாள் வீட்டைப் பாத்துக்கோ" என்றான் ஜமீர். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷமாகிவிட்டது. எனக்கு இந்த ஜமீரைப் பார்த்தால் சில சமயம் பற்றிக்கொண்டு வரும்.

இந்த இடத்தில் உங்களிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெர்மெத் அந்த இரண்டு வருஷமும் சும்மா இருக்கவில்லை.

கோடைக்குக் கோடை கம்பெனிக்குப் பயிற்சிப் பிள்ளைகள் வருவார்கள். ஆளுக்கு நாலு நிரல் எழுதிப் பார்ப்பார்கள், கிடங்கில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அந்தக் குப்பையை வாரிக் கொட்டுவது எல்தியாரின் வேலை. அவனுக்கு அதில் மகா சலிப்பு. ஒருநாள் அண்ணியிடம் வந்து, "வீட்டைத்தான் கூட்டறீங்க, இதையும் சேத்துக் கூட்டிடுங்களேன்" என்று தன் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டான்.

சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. அந்தக் கிடங்குக்கு ஒரு பின்வாசல் உண்டு, ஏபிஐ என்பார்கள். முன்வாசலில் மனிதர்கள் போய் ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவார்கள். பின்வாசலில் நாம் எழுதிவைத்த நிரல் போய் நிற்கும், சாவியைக் காட்டும், 'அந்தப் பட்டியலைக் கொடு, இதை அழி' என்று கேட்கும். கிடங்கு மறுபேச்சில்லாமல் செய்யும். வந்தது யார் என்று அது பார்ப்பதில்லை, சாவி யாருடையது என்றுதான் பார்க்கும். அந்தச் சாவிக்கு ஒரு பெயர் வேண்டும் என்று கிடங்கு கேட்டபோது, பெர்மெத் சிரித்துக்கொண்டே 'எர்கே பாலா' என்று அடித்தாள்.

அவள் எழுதிய துடைப்ப நிரல் எளிமையானது. கம்பெனியில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும். இங்கே யார் எழுதினாலும் தன் பெயரை முன்னால் போட்டுத்தான் நிரலுக்குப் பெயர் வைக்க வேண்டும், அது ஜமீர் போட்ட சட்டம். ஆகவே பட்டியலில் இல்லாதவர் பெயரோடு எது கிடந்தாலும் குப்பை என்று அழித்துவிடும். இதை வாராவாரம் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்துக்கு ஓடும்படி வைத்தாள். அப்போதுதான் ஆபீஸில் யாரும் எதையும் தொடமாட்டார்கள். பிறகு எல்தியார் அதை மறந்தே போனான். கூட்டுகிறது தம்பி என்றே ஜமீர் நினைத்திருந்தான், யாரும் அதைத் திருத்தவில்லை.

'கணவாய்' காணாமல் போன அன்றே பெர்மெத்துக்குள் ஒரு முள் ஏறியது. நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். பட்டியலில் இல்லாதவர்களுடையதை அழி என்றுதான் இருந்தது. ஜமீர் முதலாளி, பட்டியலில் இல்லாமல் எங்கே போவான்? தப்பு ஒன்றும் இல்லை என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு நிரலை மூடிவைத்தாள்.

மத்தியானம் முன்னறையில் மேஜை விரித்தார்கள். ஜமீர் அன்றைக்குப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அவனுக்கு ஒரு காரியம் முடிய வேண்டியிருந்தது. கம்பெனி தொடங்கியபோது கிடங்கில் கணக்குத் திறந்தவன் அப்போது கல்லூரியில் இருந்த எல்தியார்தான். அதனால் அங்கே உரிமையாளன் இன்றைக்கும் அவன்தான். அண்ணனால் தம்பியைத் தள்ளிவிட முடியாது. தம்பியாகப் பார்த்து உரிமையை மாற்றிக் கொடுத்தால்தான் உண்டு.

"போறதுக்கு முன்னால மாத்திக் குடுத்துடு. அப்புறம் உன்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல" என்றான் ஜமீர். தம்பியைப் பார்க்காமல், வெண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னான்.

"சாப்பிட்டுட்டு மாத்தறேன் பாய்கே."

"சாப்பிட்டா ஓடிடுவியோ?"

"ஜமீர், சாப்பாட்டு முன்னாடி வேண்டாம்டா" என்றாள் சாய்ரா அபா.

"நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்? பழைய லேப்டாப்புல கோடைக்காலத்து நகல் ஒண்ணு கெடந்துது. அதை வச்சு ஒரு வாரம் தூக்கமில்லாம மிச்சத்தை எழுதி நேத்துதான் திரும்ப ஏத்தியிருக்கேன். லாரிச் சங்கத்துல கால்ல விழாத குறையா கெஞ்சி இன்னொரு நாள் வாங்கியிருக்கேன். எனக்கு வயிறு எரியாதா?"

எல்தியார் தன் கைபேசியை எடுத்து மேஜை நடுவில் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "இந்தாங்க. என் கையில ஒண்ணுமில்ல. லேப்டாப் பையில இருக்கு, பை வாசல்ல இருக்கு. நிம்மதியா சாப்பிடுங்க."

பெர்மெத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றினால் சீக்கிரம் எழுந்து போ என்று அர்த்தம். எல்தியாருக்கு எப்போதையும்விடக் குறைவாகவே ஊற்றினாள். அடிக்கடி கேட்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று அவளுக்கு இருந்தது.

பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு முடிந்து, தெரு அடங்கியது.

டிங் என்று ஒரு சத்தம். ஜமீரின் கைபேசி.

போன வாரத்துக்குப் பிறகு அவன் கிடங்கில் ஒரு மணி கட்டியிருந்தான். எது அழிந்தாலும் அந்த நொடியே அவன் கைபேசி அடிக்கும். எடுத்துப் பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா?" என்றாள் அம்மா.

"'கணவாய்' போயிடுச்சும்மா." குரல் மெதுவாகத்தான் வந்தது. பிறகு வீடு அதிர்ந்தது. "போயிடுச்சு! மறுபடி அழிச்சிட்டான்! யாரு பேரு போட்டிருக்கு பாருங்க! எல்தியார்! எல்தியார்!"

"நான் இங்கதானே இருக்கேன்! கையில கரண்டியோட இருக்கேன்!"

"அதான்டா! அதான்! உக்காந்த எடத்துலேர்ந்தே அழியற மாதிரி வெடி வச்சிட்டுப் போற! நாளைக்கு நீ அல்மாட்டியில ஒக்காந்துட்டு சிரிப்ப, இங்க என் பொழப்பு ஒவ்வொண்ணா வெடிக்கும். என் லேப்டாப்புல நகல் இருக்குடா இந்த வாட்டி! நிரல் போகல! ஆனா நீ போயிட்ட! எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருந்தான், அவன் போயிட்டான்!"

சாய்ரா அபா தலைமுண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

பெர்மெத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, பாங்கு முடிந்த நேரம். கெட்டிலை எடுத்துக்கொண்டு, "தண்ணி கொதிக்க வச்சிட்டு வரேன்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு உள்ளே போய் அதை அடுப்பில் வைத்தாள்.

அடுப்படிக்குப் பின்னால் மாவு மூட்டை வைக்கிற சின்ன அறை. அங்கேதான் அவளுடைய பழைய லேப்டாப் இருந்தது. மூட்டைமேல் வைத்துத் திறந்தாள். துடைப்ப நிரலின் முதல் பாதியை மட்டும், யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற பாதியை மட்டும், ஓடவிட்டாள். போன வாரம் நிரலைப் படித்தாளே தவிர, அதற்கு என்ன பதில் வருகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

பெயர்கள் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் வந்தன. கடைசிப் பெயர் உலான்.

ஜமீர் இல்லை.

மறுபடி கேட்டாள். மறுபடியும் உலானோடு நின்றது. எண்ணினாள். சரியாக முப்பது. கம்பெனியில் முப்பதுக்குள் ஆட்கள் இருந்தவரை ஒரு குறையும் வரவில்லை. இந்த மாதம் ஜமீர் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்தான். முப்பத்தொன்றாகிவிட்டது. கிடங்கு ஒரு தரத்துக்கு முப்பது பெயர்தான் கொடுக்கும், மிச்சம் வேண்டுமானால் அடுத்த பக்கத்தைக் கொடு என்று கேட்க வேண்டும். அவள் நிரல் கேட்கவில்லை. முதல் பக்கத்தையே முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டது. இங்கிலீஷில் ஜமீருக்கு முதல் எழுத்து இசட். அந்த எழுத்தில் தொடங்கும் ஒரே ஆள், கடைசியில் நிற்கிறவன், இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டான். முதலாளியையே ஊருக்குப் போன பயிற்சிப் பையனாக நினைத்து, அவன் பெயரோடு அங்கே இருந்த ஒரே நிரலை, இரண்டு வருஷ உழைப்பை, குப்பையென்று வாரிக் கொட்டிவிட்டது அவளுடைய துடைப்பம்.

பெர்மெத் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். ஐயோ, என் எர்கே பாலா, உன்னைத் தூக்கில போட்டது நான்தானா என்று மனசு அடித்துக்கொண்டது. முதல் வேலையாகத் துடைப்பத்தை நிறுத்தினாள். இனி அது எந்த வெள்ளிக்கிழமையும் ஓடாது. இரண்டாம் வேலை முன்னறையில் இருந்தது. போய் நின்று, நான்தான் என்று சொல்ல வேண்டும்.

சொன்னால் திங்கட்கிழமை இல்லை. ஜமீரை அவளுக்குத் தெரியும். 'வீட்டுல உக்காந்துட்டே இவ்வளவு பண்ணியிருக்க, ஆபீஸுக்கு வந்தா என்ன பண்ணுவ' என்று ஒரே வாக்கியத்தில் கதவைச் சாத்திவிடுவான், அப்புறம் இந்த ஜென்மத்தில் திறக்கமாட்டான். இதை எல்லாம் நினைத்தாள்தான். நினைத்தும் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அதை நான் அவள் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

முன்னறையில் எல்தியார் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வந்து மேஜையில் திறந்திருந்தான். உரிமையை மாற்றிக் கொடுத்து முடித்துவிட்டான். ஜமீர் அவன் தோளுக்குப் பின்னால் போலீஸ்காரன் மாதிரி நின்றுவிட்டு, அப்போதுதான் தன் நாற்காலிக்குத் திரும்பினான்.

"எது அழிக்குதுன்னு பாத்துட்டே போயிடறேன். எனக்கே தெரியணும்" என்றான் எல்தியார். தன் கணக்கில் உயிரோடிருக்கும் சாவிகளின் பக்கத்தைத் திறந்தான். ஒரே ஒரு சாவிதான் இருந்தது. கடைசியாக உபயோகித்தது, இப்போதுதான். அதன் பெயரையும் பார்த்தான்.

பெர்மெத் வாசற்படியில் நின்றாள். வாயைத் திறந்தாள்.

எல்தியார் தலையை நிமிர்த்தினான். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் முகத்தில் கோபமே இல்லை. காலையில் போர்சோக்கால் நாக்கைச் சுட்டுக்கொண்டபோது இருந்த அதே அசட்டுக் களை இருந்தது.

அவன் அந்தச் சாவியை அழித்தான். லேப்டாப்பை மூடினான்.

"நான்தான் பாய்கே."

"என்ன?"

"நான்தான் வச்சேன். இப்ப எடுத்துட்டேன். இனிமே ஒண்ணும் அழியாது."

சாய்ரா அபாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும், செய்யவில்லை என்று அவன் சொன்ன ஒரு வார்த்தையை எங்கோ ஒரு மூலையில் அவள் வைத்திருந்திருக்கிறாள். அதுவும் போயிற்று.

"ஏன்டா?" என்றான் ஜமீர். அவன் கத்தியிருந்தால் தேவலை. "நான் உனக்கு என்னடா கொறை வச்சேன்?"

"ஒரு கொறையும் வைக்கல."

"அப்ப போ. இந்த வாசப்படிய மறுபடி மிதிக்காதே."

இதோ இந்த இடத்தில்தான் பெர்மெத் பேசியிருக்க வேண்டும். வாசகர்களே, நானும் அவளைப் பிடித்து உலுக்கத்தான் நினைத்தேன். சொல்லிவிடத்தான் ஓர் அடி முன்னால் வந்தாள். ஆனால் எல்தியார் அவளைக் கடந்து போகும்போது, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "திங்கக்கிழமைய விட்டுடாதீங்க ஜெங்கே" என்றான். அந்த வார்த்தை அவள் வாயை அடைத்துவிட்டது. அவன் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டுகிற நேரம் முழுக்க, கெட்டில் கையைச் சுடுவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

சாய்ரா அபா மட்டும் எழுந்தாள். அழுதுகொண்டே மேஜையிலிருந்து ஒரு முழு ரொட்டியை எடுத்து வாசலுக்குப் போனாள்.

"ஒரு கடி கடிச்சிட்டுப் போடா."

தூரப் பயணம் போகிற பிள்ளை ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தைத் துணியில் சுற்றித் தாய் சுவரில் மாட்டிவைப்பாள். திரும்பி வந்து அவன்தான் அதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். இவர்கள் அப்பா ராணுவத்துக்குப் போனபோதும் அப்படித்தான், ஜமீர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனபோதும் அப்படித்தான்.

"அவனுக்கு எதுக்கும்மா அது?" என்றான் ஜமீர் உள்ளிருந்தே.

எல்தியார் ரொட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "வேண்டாம் அபா. திரும்பி வர்றவன்தான் கடிக்கணும்" என்றான். அம்மாவின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பையை எடுத்துத் தோளில் போட்டான். வெளிக்கதவு கிரீச்சிட்டுச் சாத்தியது.

சாய்ரா அபா முழு ரொட்டியோடு திரும்பி வந்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஆணியில் மாட்டவும் முடியாது, தட்டில் திரும்ப வைக்கவும் மனசு வரவில்லை. அதைப் பார்த்ததும் பெர்மெத்துக்குத் தாங்கவில்லை. கெட்டிலைத் தரையில் வைத்தாள்.

"எல்தியார் செய்யல."

மாமியார் சட்டென்று திரும்பினாள். இந்த வீட்டுக்கு வந்தபிறகு பெர்மெத் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததே இல்லை.

"எல்தியார் செய்யல அபா. நான்தான். என்னோட நிரல். அவன் சாவிய வாங்கி நான்தான் ரெண்டு வருஷமா கிடங்கைக் கூட்டிட்டிருந்தேன், உங்க யாருக்கும் தெரியாம. அதுல ஒரு தப்பு. இப்பதான் கண்டுபிடிச்சேன். அவனுக்கு அந்தச் சாவி ஞாபகமே இல்ல. இப்ப பேரைப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டான். என்னைக் காப்பாத்தறதுக்காகத் தன் தலையில போட்டுக்கிட்டான்."

"என்ன பேரு?" என்றான் ஜமீர்.

"எர்கே பாலா."

ஜமீர் அவளையே பார்த்தான். அவள் கணவனுக்கு நிரல் தெரியும், சாவி தெரியும். அதனால் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "எத்தனை பேரைக் கேட்டுது?" என்று மட்டும் கேட்டான்.

"முதல் பக்கம் மட்டும்."

"முப்பது."

"ஆமா."

"நான் முப்பத்தொண்ணு." அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். "நானே ஆளைச் சேத்து, என்னை நானே வெளிய தள்ளிக்கிட்டேன்."

"என்னை என்ன வேணா சொல்லுங்க. திங்கக்கிழமை வேண்டாம், என்னிக்குமே வேண்டாம். முதல்ல அவனைக் கூப்பிடுங்க."

ஜமீர் கைபேசியை எடுத்தான். அழைத்தான்.

மேஜை நடுவில், ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில், எல்தியாரின் கைபேசி மணியடித்தது. எடுக்க ஆளில்லாமல் அடித்து ஓய்ந்தது.

"ஸ்டாண்டுக்கு ஓடுடா! நாலு பேரு சேர்ற வரைக்கும் அல்மாட்டி டாக்ஸி கெளம்பாது! ஓடு!" என்று கத்தினாள் சாய்ரா அபா.

ஜமீர் எழுந்திருக்கவில்லை.

"என்னடா பொம்மையாட்டம் ஒக்காந்திருக்க?"

"போய் என்ன சொல்றதும்மா?" அவன் குரல் அவனுடையதாகவே இல்லை. "காலையில அல்மாட்டிக்குப் போன் பண்ணிட்டேன். அவன் சேரப்போற எடத்துக்கு. கூடப்பொறந்தவன் உழைப்பையே அழிச்சவன், யோசிச்சு வேலைக்கு வைங்கன்னு சொன்னேன். அவன் வேண்டாம், நீங்க சொன்னதே போதும்னுட்டாங்க."

சாய்ரா அபா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அங்கே வேலை இல்லை. இங்கே வாசல் இல்லை. வேலை போனது தெரியாமல், கையில் கைபேசிகூட இல்லாமல், அவன் எங்கோ ஒரு டாக்ஸியில் நாலாவது ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். அல்லது நாலாவது ஆள் வந்து, வண்டி எல்லைப் பக்கம் திரும்பியும் இருக்கலாம்.

பெர்மெத் ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தாள். யாரிடமும் போகட்டுமா என்று கேட்கவில்லை. மாமியார் மடியிலிருந்த ரொட்டியை வாங்கி, தன் தலைத்துணியை அவிழ்த்து அதில் சுற்றினாள்.

"ஐதானா எழுந்தா பால் குடுங்க" என்று கணவனிடம் சொன்னாள்.

வெளியே போனவள் வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் பக்கத்து இருக்கையில் அந்த ரொட்டி இருந்தது, யார் பல்லும் படாமல், முழுசாக.